பாம்பெர்க் பீர், வூர்ஸ்புர்க் ஒயின்: ஃபிராங்கனில் முதல்முறை சுவைக்கப் போகிறவர்களுக்கு

நியூரம்பெர்க்குக்கு வேலைக்கு வந்த முதல் அக்டோபரில், பலரும் புகழ்ந்து சொன்ன ஒரு கிராமத்து பீர் ஆலையைத் தேடிப் போனேன். ரயில், அப்புறம் பஸ், அப்புறம் அரை மணி நேர நடை. கதவில் சிறிய அட்டை ஒன்று தொங்கியது: இன்று விடுமுறை. திரும்பும் பஸ்ஸுக்கு இரண்டரை மணி நேரம் இருந்தது. அடுத்த ஊர் வரை நடந்து ஒரு விடுதியில் உட்கார்ந்தால், அங்கே கார்டு வாங்க மாட்டார்கள். பையில் இருந்தது ஏழு யூரோ. ஒரு குவளை பீரும் ஒரு துண்டு ரொட்டியும் வாங்கிக்கொண்டு இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன். அந்த பீர் மிக நன்றாக இருந்தது என்பது மட்டும் நினைவிருக்கிறது. எப்படி நன்றாக இருந்தது, என்ன வாசனை, என்ன நிறம் என்று இன்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. எதையும் எழுதி வைக்கவில்லை. அந்த நாளில் நான் இழந்தவற்றில் என்னை இன்றும் உறுத்துவது அதுதான்.

பவேரியாவின் வடக்குப் பகுதியான ஃபிராங்கன், பீருக்கும் ஒயினுக்கும் ஒரே நேரத்தில் பேர்பெற்ற நிலம். கிழக்கே பாம்பெர்க்கைச் சுற்றி பீர், மேற்கே மைன் ஆற்றங்கரையில் வூர்ஸ்புர்க்கைச் சுற்றி ஒயின். இரண்டுக்கும் இடையே ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். எர்லாங்கனிலும் நியூரம்பெர்க்கிலும் படிக்கவும் வேலை செய்யவும் வரும் நம் பிள்ளைகள் பலர், இவ்வளவு அருகில் இருந்தும் சூப்பர் மார்க்கெட் பாட்டிலோடு நின்றுவிடுகிறார்கள். அவர்களுக்காகவும், சில நாள் சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

1. முதலில் மாதம், பிறகு கிழமை, கடைசியில்தான் ஊர்

நாம் பொதுவாக ஊரை முடிவு செய்துவிட்டு, விடுமுறை கிடைத்த நாளில் கிளம்புவோம். இங்கே அது உதவாது. என்ன கிடைக்கும் என்பதைப் பருவம்தான் தீர்மானிக்கிறது.

மே முதல் செப்டம்பர் வரை மரத்தடி பீர்த் தோட்டங்கள் திறந்திருக்கும். மழை பெய்தால் பல இடங்களில் திறக்கவே மாட்டார்கள். செப்டம்பர், அக்டோபரில் புது ஒயின் வரும். அக்டோபர், நவம்பரில் பாம்பெர்க் ஆலைகள் ஒவ்வொன்றாகத் தங்கள் 'பொக்' பீரைத் திறக்கும். இது வழக்கமான பீரை விடக் கடுமையானது, ஆறு சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளது. ஒவ்வோர் ஆலைக்கும் திறப்பு நாள் வேறு. அன்று உட்கார இடம் கிடைப்பது கடினம், ஆகவே முதல்முறை போகிறவர்கள் திறப்பு நாளுக்கு மறுவாரம் போங்கள். பீர் அதேதான், கூட்டம் இருக்காது. ஜனவரி, பிப்ரவரியில் ஊரே அமைதியாக இருக்கும். பரிமாறுகிறவர்களுக்கு உங்களோடு பேச நேரம் இருக்கும். எனக்குப் பிடித்த காலம் அது.

அடுத்தது கிழமை. 'ரூஹெடாக்' என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். வாரத்தில் விடுதி மூடியிருக்கும் நாள் என்று பொருள். கிராமங்களில் இது இரண்டு நாள், சில சமயம் மூன்று நாள்கூட இருக்கும். இணைய வரைபடத்தில் திறந்திருப்பதாகக் காட்டினாலும் நம்பாதீர்கள். ஆலையின் சொந்தப் பக்கத்தைப் பாருங்கள், அல்லது முந்தின நாள் தொலைபேசியில் கேளுங்கள். ஆகஸ்டில் முழுக் குடும்பமும் இரண்டு வாரம் விடுமுறைக்குப் போய்விடுவதும் உண்டு.

கிராமங்களுக்குப் பஸ்ஸில் போவதாக இருந்தால், திரும்பி வரும் கடைசி பஸ்ஸைப் பார்த்துவிட்டுத்தான் போகும் பஸ்ஸைத் தேட வேண்டும். கோடையில் வார இறுதிகளில் மட்டும் ஓடும் உல்லாசத் தடங்கள் சில உண்டு. இலையுதிர்காலம் முடிவதற்குள் அவை நின்றுவிடும். முதல் பயணத்துக்குக் கிராமம் வேண்டாம். பாம்பெர்க் நகரம் போதும்.

2. கையில் இருக்க வேண்டியவை

அடையாள அட்டை: ஜெர்மனியில் பீருக்கும் ஒயினுக்கும் வயது வரம்பு 16, காய்ச்சி வடித்த மதுவுக்கு 18. நமக்கு 16 என்பது வியப்பாக இருக்கலாம், தமிழ்நாட்டில் 21. நம் முகம் பார்த்து வயதைக் கணிக்க இவர்களுக்குத் தெரியாது. இருபத்தாறு வயதில் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். பாஸ்போர்ட் அல்லது குடியிருப்பு அனுமதி அட்டை, இரண்டில் ஒன்று அசலாக இருக்கட்டும். செல்பேசியில் இருக்கும் படத்தை ஏற்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை.

ரொக்கம்: ஒருவருக்கு 50 யூரோ. ஐந்தும் பத்துமாக மாற்றி வையுங்கள். 'நூர் பார்ட்சாலுங்' என்று எழுதியிருந்தால் ரொக்கம் மட்டும் என்று பொருள். கிராமத்தில் பணம் எடுக்கும் இயந்திரம் இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

பயணச் சீட்டு: மாதச் சந்தாவான டாய்ச்லாண்ட் டிக்கெட் உங்களிடம் இருந்தால் வேறு எதுவும் தேவையில்லை. 2025இல் 58 யூரோவாக இருந்தது, 2026 தொடக்கத்திலிருந்து 63 யூரோ. ஒரே மாதத்துக்கு மட்டும் வாங்குகிறவர்கள் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்துவிட வேண்டும். மறந்தால் அடுத்த மாதமும் பணம் போகும். சந்தா இல்லாதவர்களுக்கு பயர்ன் டிக்கெட். ஒரு நாளுக்கு ஐந்து பேர் வரை ஒரே சீட்டில் போகலாம், ஆள் கூடக் கூடத் தலைக்கு ஆகும் செலவு குறையும். வார நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும் என்பதை மறக்காதீர்கள். சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாட்களில் நள்ளிரவிலிருந்தே செல்லும்.

இரண்டு சீட்டுகளும் பிராந்திய ரயிலுக்கு மட்டுமே. நியூரம்பெர்க்கிலிருந்து பாம்பெர்க்குக்கும் வூர்ஸ்புர்க்குக்கும் அதிவேக ஐசிஇ ரயில்களும் போகின்றன. அதே நடைமேடையில் வந்து நிற்கும். அவசரத்தில் ஏறிவிட்டால் 60 யூரோ அபராதம். பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்தைப் படித்துவிட்டு ஏறுங்கள்.

இவற்றோடு ஒரு தண்ணீர்ப் பாட்டில், கொஞ்சம் உப்பில்லாத ரொட்டி, ஒரு சிறிய நோட்டு, ஒரு பென்சில். பேனா வேண்டாம். ஈரக் குவளையை நோட்டின் மேல் வைத்தால் மை பரவிவிடும்.

3. சுவையைத் தமிழில் எழுதுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

சுவைக் குறிப்பு எழுத விரும்பும் நம்மவர்கள் பலர் பாட்டிலின் பின்னால் இருப்பதைப் பார்த்து எழுதுகிறார்கள். எல்டர் பூ, கூஸ்பெர்ரி, பன்றித் தொடைக்கறி, பைன் பிசின் என்று போகும் அது. எல்டர் பூவை முகர்ந்தே பார்க்காத ஒருவர் ஒயினில் எல்டர் பூ வாசனை இருக்கிறது என்று எழுதினால், ஒரு மாதம் கழித்து அந்த வரி அவருக்கே ஒன்றும் சொல்லாது. நானும் முதல் ஆண்டு முழுக்க அப்படி எழுதினேன். அந்த நோட்டு இன்று எனக்குப் பயன்படவில்லை.

நமக்கு அறுசுவை இருக்கிறது. அதில் துவர்ப்பு என்ற சொல் சிவப்பு ஒயினுக்காகவே காத்திருந்த சொல். திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் எச்சிலில் உள்ள புரதத்தோடு சேர்ந்து நாக்கை இழுத்துப் பிடிக்கும். வாழைப்பூ நறுக்கியவர்களுக்கும், நாவற்பழம் தின்று நாக்கு தடித்தவர்களுக்கும், பாக்கு மென்றவர்களுக்கும் இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. கைப்பு என்றால் பீருக்குக் கசப்பு தரும் ஹாப் பூ. புளிப்பு என்றால் வெள்ளை ஒயின். பீரில் இனிப்பு எங்கிருந்து வருகிறது என்றால் முளைகட்டி உலர்த்திய பார்லி; கேழ்வரகை முளைகட்டி வறுத்து மாவாக்கிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாசனை முதல் மிடறிலேயே பிடிபட்டுவிடும்.

என் நோட்டில் ஒவ்வொரு பீருக்கும் ஒயினுக்கும் ஐந்து வரிகள் உண்டு. முதல் வரியில் இடம், தேதி, விலை. இரண்டாவதில் நிறம்: டிகாக்‌ஷனா, வெல்லப்பாகா, எலுமிச்சைச் சாறா. மூன்றாவது, குடிக்குமுன் முகர்ந்தபோது முதலில் நினைவுக்கு வந்த பொருள். யோசிக்கக் கூடாது, வந்ததை அப்படியே எழுத வேண்டும். நான்காவது, விழுங்கிய பிறகு அரை நிமிடம் கழித்து வாயில் எது மிஞ்சியது. ஐந்தாவது, கூட என்ன சாப்பிட்டேன். இந்த ஐந்தாவது வரியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஒரே பீர் வெறும் வயிற்றில் ஒன்றாகவும் உப்பு ரொட்டியோடு வேறாகவும் இருக்கும், அதைப் பதியாவிட்டால் ஒப்பிடவே முடியாது.

ஓர் எடுத்துக்காட்டு. கோதுமை பீரான வைஸ்பியரை முதல்முறை முகர்ந்தபோது நான் எழுதியது: 'பழுத்துத் தோல் கறுத்த பூவன் பழம், பக்கத்தில் இரண்டு கிராம்பு.' பழமோ கிராம்போ அதில் சேர்ப்பதில்லை. அந்த பீருக்கென்றே இருக்கும் ஈஸ்ட் நொதிக்கும்போது உண்டாக்கும் வாசனைகள் அவை. இதே ஒப்பீட்டை ஜெர்மானியர்களும் சொல்வார்கள் என்று பின்னால்தான் தெரிந்தது. நம் சொல்லில் எழுதியது அவர்கள் சொல்லோடு வந்து சேர்ந்ததில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி பெரிது.

4. பாம்பெர்க்: எந்த வரிசையில் போவது

பாம்பெர்க்கின் தனிச்சிறப்பு 'ரௌஹ்பியர்', அதாவது புகை பீர். முளைகட்டிய பார்லியை பீச் (beech) மர விறகு எரியும் நெருப்பின் மேல் உலர்த்துகிறார்கள். அந்தப் புகை தானியத்தில் ஏறி, பீரில் இறங்குகிறது. வேறு எந்த வாசனைப் பொருளும் சேர்ப்பதில்லை.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பெரிய தவறு, ரயிலை விட்டு இறங்கியதும் நேராக ஷ்லெங்கர்லா விடுதிக்குப் போய், கடும்புகை மேர்ட்சன் பீரை வெறும் வயிற்றில் வாங்கி, இரண்டு மிடறு குடித்து, முகத்தைச் சுளித்துவிட்டு வெளியே வருவது. அதோடு அவர்களுக்கு புகை பீர் முடிந்துவிடுகிறது. வரிசையை மாற்றுங்கள்.

ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில் ஓபர கூனிக்ஸ்ட்ராசே தெரு. அங்கே ஷ்பெட்சியால், ஃபெஸ்லா என்ற இரண்டு பழைய ஆலைகள் எதிரெதிரே இருக்கின்றன. முதலில் ஷ்பெட்சியாலில் புகை லாகர் வாங்குங்கள். இதில் புகை மெல்லியது, தூரத்துக் கொல்லையில் யாரோ சருகு எரிக்கும் அளவுக்குத்தான். அடுத்து எதிரே ஃபெஸ்லாவில் புகையில்லாத லாகர். அது நாக்குக்கு ஓய்வு, ஒப்பிடவும் உதவும். இதற்குள் ஏதாவது சாப்பிட்டுவிடுங்கள். பிறகு ஆற்றைக் கடந்து பழைய நகருக்குள் நடந்து, ஷ்லெங்கர்லாவில் மேர்ட்சன்.

அதன் ஆல்கஹால் 5.1 சதவீதம்தான், வீரியம் முழுக்க வாசனையில் இருக்கிறது. என் நோட்டில் இருப்பதை அப்படியே தருகிறேன்: 'இரண்டாம் டிகாக்‌ஷன் நிறம், விளிம்பில் சிவப்பு. நுரை பழுப்பு வெள்ளை, கெட்டியாக நிற்கிறது. விறகடுப்பில் கத்தரிக்காய் சுட்டு எடுத்த பிறகு சாம்பலில் மிஞ்சும் வாசனை. முதல் மிடறில் புகை தவிர ஒன்றும் இல்லை. ஐந்தாவது மிடறில் வறுத்த கேழ்வரகு இனிப்பு. பாதிக் குவளைக்கு மேல் புகையே தெரியவில்லை, கடைசியில் உலர்ந்த கைப்பு.' மூக்கு ஒரே வாசனைக்குச் சீக்கிரம் பழகிவிடும். புகை பின்வாங்கும்போதுதான் அடியில் இருக்கும் பீர் வெளியே வருகிறது. மூன்று குவளை குடித்தால்தான் இது பிடிக்கும் என்று உள்ளூர்க்காரர்கள் சொல்வார்கள். மூன்று வேண்டாம். ஒன்றை நாற்பது நிமிடம் வைத்துக் குடியுங்கள், அதே பலன் கிடைக்கும். அக்டோபரில் போனால் அங்கேயே ஊர்பொக் என்ற கடும் வகை இருக்கும். கிறிஸ்துமஸ் சமயத்தில் ஓக் மரப் புகையில் செய்த எட்டு சதவீத பீர் ஒன்று வரும். இரண்டும் இரண்டாம் பயணத்துக்கு.

நேரம் இருந்தால் வுண்டர்புர்க் பகுதியில் இருக்கும் மார்ஸ் ஆலைக்குப் போய் 'அ ஊ' என்று கேளுங்கள். அவ்வளவுதான், இரண்டே எழுத்து. பீப்பாயில் அழுத்தம் ஏற்றாமல் விடும் பீரின் செல்லப் பெயர் அது. வாயு குறைவு, வழுவழுப்பாக இறங்கும், ரொட்டி மாவின் மணம். சுட்ட மண் குவளையில் தருவதால் நிறம் தெரியாது. அந்த வரியை நோட்டில் காலியாக விட்டுவிடுங்கள், பரவாயில்லை.

விடுதிக்குள் நடந்துகொள்ளும் முறை பற்றிச் சில வார்த்தைகள். காலி நாற்காலி இருந்தால், மேஜையில் வேறு யாராவது இருந்தாலும் 'இஸ்ட் ஹியர் நொஹ் ஃப்ராய்?' (இந்த இடம் காலியா?) என்று கேட்டுவிட்டு உட்காரலாம். 'ஸ்டாம்டிஷ்' என்று பலகை வைத்த மேஜையில் மட்டும் உட்காரக் கூடாது. அது தினசரி வாடிக்கையாளர்களுடையது. அரை லிட்டர் குவளைக்கு இங்கே 'சைட்லா' என்று பெயர். விலை நான் போன இடங்களில் 4 யூரோவை ஒட்டி இருந்தது. ஒவ்வொரு குவளைக்கும் பரிமாறுகிறவர் உங்கள் முன் இருக்கும் அட்டையில் பென்சிலால் ஒரு கோடு இழுப்பார். அந்த அட்டைதான் பில். அதில் குறிப்பு எழுதாதீர்கள், பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். கடைசியாகக் கொஞ்சம் மட்டும் வேண்டுமானால் 'ஷ்னிட்' என்று கேட்கலாம். குவளை நிறையாமல் ஊற்றித் தருவார்கள், விலையும் குறைவு. பணம் கொடுக்கும்போது தொகையை மேலே முழுமையாக்கிச் சொல்லுங்கள். 17.40 என்றால் 19 என்று சொன்னால் போதும், மீதியை அவரே தருவார். மேஜையில் சில்லறையை விட்டுவிட்டுப் போகும் வழக்கம் இங்கே இல்லை.

5. சாப்பாடு: சைவர்கள் கவனிக்க

ஃபிராங்கன் சமையல் இறைச்சியைச் சுற்றி அமைந்தது. பார்க்க சைவமாகத் தெரியும் பலவற்றில் இறைச்சி இருக்கும். உருளைக்கிழங்கு சாலட்டில் மாட்டிறைச்சிச் சாறு ஊற்றியிருக்கலாம். கிழங்கு உருண்டை மேல் ஊற்றும் சாறு பெரும்பாலும் இறைச்சிச் சாறுதான். பாம்பெர்க் வெங்காயம் என்று அட்டையில் இருப்பது கொத்திறைச்சி அடைத்தது. வெங்காய அப்பத்தில் பன்றிக் கொழுப்புத் துண்டுகள் இருக்கலாம். 'ஓனெ ஃப்ளைஷ், ஓனெ ஃப்ளைஷ்ப்ரூஹெ' என்று கேளுங்கள்: இறைச்சியும் இல்லாமல், இறைச்சிச் சாறும் இல்லாமல். இறைச்சி இல்லாமல் கிடைப்பது ஒபாட்ஸ்டா, பாலாடைக்கட்டியும் வெண்ணெயும் காரமில்லாத மிளகாய்த் தூளும் சேர்த்துப் பிசைந்தது. உப்பு பிரெட்செலோடு தருவார்கள்.

ஆனால் கோடையில் இன்னொரு வழி இருக்கிறது. பீரை வாங்கிக்கொண்டு, சாப்பாட்டை வீட்டிலிருந்தே எடுத்துப் போகலாம். மரபான பீர்த் தோட்டங்களில் இது ஏற்கப்பட்ட பழக்கம். ஃபிராங்கனில் இந்தத் தோட்டங்களை 'கெல்லர்' என்பார்கள், நிலவறை என்று பொருள். பீரைக் குளிர வைக்கக் குன்றில் குடைந்த அறைகளின் மேல் மரம் நட்டு, மரத்தடியில் பெஞ்சு போட்டிருப்பார்கள். வாசலில் வெளிச்சாப்பாடு கூடாது என்று பலகை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மேஜை விரிப்பு போட்ட பகுதி விடுதியின் சாப்பாட்டுக்கானது. விரிப்பில்லாத வெறும் மரப் பெஞ்சுகள் நமக்கு.

ஒரு ஜூன் மாலை. பக்கத்தில் ஒரு வயதான தம்பதி. அந்த அம்மாள் கூடையிலிருந்து கட்டம் போட்ட துணியை எடுத்து விரித்து, வெள்ளை முள்ளங்கியைச் சுருள் சுருளாகச் சீவி, உப்புத் தூவி, அது நீர் விடும் வரை காத்திருந்தார். நான் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தேன். நல்லெண்ணெயும் வறுத்த கடலையும் வெயிலில் மணந்தன. அவர் எட்டிப் பார்த்தார். ஒரு கரண்டி வைத்தேன். எனக்கு முள்ளங்கி வந்தது. வடிகட்டாத கெல்லர்பியரோடு புளியோதரை அவ்வளவு பொருந்தும் என்று எந்தச் சுவைப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. புளிப்பைப் பார்லியின் இனிப்பு தாங்குகிறது, எண்ணெயை ஹாப் கைப்பு அறுக்கிறது. தயிர்சாதம் பொருந்தவில்லை. எலுமிச்சைச் சாதம் சுமார்.

6. வூர்ஸ்புர்க்: லேபிளைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது

ஃபிராங்கன் ஒயினின் அடையாளம் 'பொக்ஸ்பொய்டல்' என்ற தட்டையான வயிறு உருண்ட பாட்டில். உள்ளே பெரும்பாலும் வெள்ளை ஒயின், அதிலும் சில்வானர் திராட்சை. லேபிளில் முதலில் தேட வேண்டிய சொல் இனிப்பைக் குறிப்பது. 'ட்ரொக்கன்' என்றால் இனிப்பு மிகக் குறைவு. ஃபிராங்கனில் மரபாக 'ஃபிரெங்கிஷ் ட்ரொக்கன்' என்பது லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரைக்கு உட்பட்டது. 'ஹால்ப்ட்ரொக்கன்' நடுத்தரம். 'லீப்லிஹ்' இனிப்பானது. விலையுயர்ந்தது என்று ட்ரொக்கன் வாங்கி, முதல் மிடறிலேயே புளிக்கிறது என்று வைத்துவிடுகிறார்கள். அது கெட்டுப்போகவில்லை, அப்படித்தான் இருக்க வேண்டும். ஒயினுக்கே புதியவர்கள் ஹால்ப்ட்ரொக்கனில் தொடங்கி, மூன்றாவது கிளாஸில் ட்ரொக்கனுக்கு வாருங்கள்.

அடுத்து 'குட்ஸ்அப்ஃபூலுங்' என்ற சொல்: தோட்டக்காரரே விளைவித்து, அவரே பாட்டிலில் அடைத்தது. பிறகு சிறிய எழுத்தில் அரசுப் பரிசோதனை எண். அதன் கடைசி எண்கள் எந்த ஆண்டில் பரிசோதித்தார்கள் என்று சொல்லும்.

என் நோட்டில் சில்வானர்: பச்சை ஆப்பிள், அறுத்த புல், கடைசியில் மழை பட்ட கல். பாக்குஸ் என்ற வெள்ளை வகை: அரைநெல்லி, கொஞ்சம் பன்னீர். டொமினா என்ற சிவப்பு வகை: நாவற்பழம், வாயெல்லாம் துவர்ப்பு, நிறம் நகத்தில் ஒட்டும்போல் இருந்தது.

எங்கே குடிப்பது? நகருக்குள் ப்யூர்கர்ஷ்பிட்டால், யூலியுஸ்ஷ்பிட்டால் என்ற இரண்டு பழைய அறநிலையங்களுக்குச் சொந்த ஒயின் தோட்டமும் விடுதியும் உண்டு. கிளாஸ் கணக்கில் வாங்கலாம். முறையான சுவைக்கூட்டத்துக்கு முன்பதிவு வேண்டும். பல தோட்டங்கள் இத்தனை பேருக்குக் குறையாமல் வர வேண்டும் என்று கேட்கும், ஆகவே குறைந்தது இரண்டு வாரம் முன்னால் எழுதுங்கள். தனி ஆளாகப் போனால் 0.1 லிட்டர் கிளாஸாக மூன்று வகை வாங்குங்கள், 0.25 லிட்டர் ஷொப்பன் ஒன்று வாங்குவதைவிட அது மேல். பழைய மைன் பாலத்தில் ஒயின் கிளாஸை வாங்கி, மாலை வெயிலில் கல் சிலைகளுக்கு நடுவே நின்று குடிப்பது இந்த ஊர் வழக்கம். கிளாஸுக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் வரும்.

சுற்றுக் கிராமங்களில் 'ஹெக்கன்விர்ட்ஷாஃப்ட்' என்று ஒன்று உண்டு. தோட்டக்காரர் தன் வீட்டையே ஆண்டில் அதிகம் போனால் நான்கு மாதம் விடுதியாக்கி, சொந்த ஒயினை மட்டும் விற்பார். நாற்பது இருக்கைக்கு மேல் கூடாது. விலை நகரத்தைவிடக் குறைவு, ரொக்கம் மட்டும். எந்த வாரங்களில் திறப்பார் என்பது வீட்டுக்கு வீடு மாறும். கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

7. ஃபெடர்வைசர்: இதைப் படுக்க வைக்காதீர்கள்

செப்டம்பர் வந்ததும் கடைகளில் கலங்கலான, மோர் நிறத்துப் பாட்டில்கள் தெரியும். நொதித்துக்கொண்டே இருக்கும் புது ஒயின் இது. தமிழ்நாட்டுக்காரருக்கு இதை விளக்க ஒரே வாக்கியம் போதும்: பதநீருக்கும் கள்ளுக்கும் இடைப்பட்டது. காலையில் இறக்கியது இனிக்கும், மாலையில் புளிக்கத் தொடங்கும், மறுநாள் ஏறும். ஃபெடர்வைசரும் அப்படித்தான், கள்ளைவிட மெதுவாக. 4 சதவீத ஆல்கஹாலில் விற்கத் தொடங்குவார்கள். நாளாக ஆக சர்க்கரை குறைந்து ஆல்கஹால் பத்து சதவீதத்தைத் தாண்டும்.

நொதிக்கும்போது வாயு வந்துகொண்டே இருப்பதால் மூடியை இறுக்குவதில்லை. வாயு வெளியேற இடம் விட்டிருப்பார்கள். இது எனக்குத் தெரியாது. ஒரு பாட்டிலை முதுகுப்பையில் படுக்க வைத்து ரயிலில் ஏறினேன். வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால், பாதிப் பாட்டில் பைக்குள். பாஸ்போர்ட்டின் ஓரம் நனைந்து, விசா ஒட்டிய பக்கம் அலை அலையாகிவிட்டது. வெளிநாட்டில் இருப்பவருக்கு அந்தப் பக்கம் எவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும். அன்றிலிருந்து ஆவணங்கள் தனி பிளாஸ்டிக் உறையில். பாட்டிலை நிற்க வைத்துக் கையில் பிடித்து வாருங்கள், வந்ததும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நிற்க வையுங்கள், மூடியை இறுக்காதீர்கள், இரண்டு மூன்று நாளில் முடித்துவிடுங்கள். தினமும் ஒரு சிறு கிளாஸ் குடித்துக் குறிப்பு எழுதினால், இனிப்பு போய்ப் புளிப்பு ஏறுவதை நாள் கணக்கில் பார்க்கலாம். வயிறு மென்மையானவர்கள் ஒரு கிளாஸோடு நிறுத்துங்கள். உயிருள்ள ஈஸ்ட் வயிற்றைக் கலக்கும்.

8. எவ்வளவு, எப்படித் திரும்புவது

5 சதவீத பீர் அரை லிட்டரில் ஏறக்குறைய 20 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. ஒரு ஷொப்பன் ஒயினில் 25 கிராம். பார்வைக்குக் கால் லிட்டர் கிளாஸ் சிறியது, உள்ளே இருப்பது அதிகம். என் வரம்பு ஒரு நாளைக்கு மூன்று சைட்லா, அதற்கு மேல் நாக்கும் எதையும் பிரித்தறிவதில்லை. இருவராகப் போனால் ஒரு குவளையைப் பகிர்ந்து ஆறு இடம் பார்க்கலாம். கேட்டால் யாரும் தவறாக எண்ண மாட்டார்கள்.

வண்டி எடுத்துப் போகாதீர்கள். சட்ட வரம்பு ரத்தத்தில் 0.5 ப்ரோமில் ஆல்கஹால், அதாவது ஆயிரத்தில் அரைப் பங்கு. ஓட்டுநர் உரிமம் பெற்று முதல் இரண்டு ஆண்டு சோதனைக் காலத்தில் இருப்பவர்களுக்கும் 21 வயதுக்குட்பட்டவர்களுக்கும் சுழியம். வரம்புக்குக் கீழே இருந்தும் வண்டி தடுமாறினால் 0.3இலிருந்தே வழக்கு வரலாம். வாடகை மின் ஸ்கூட்டருக்கும் காருக்கான வரம்புதான். இது பல மாணவர்களுக்குத் தெரிவதில்லை, நிலையத்துக்குப் போகும் கடைசி ஒரு கிலோமீட்டரில் மாட்டிக்கொள்கிறார்கள். உடல் மணிக்குச் சுமார் 0.1 முதல் 0.15 ப்ரோமில் வரைதான் குறைக்கும், ஆகவே மறுநாள் காலையில் காரை எடுக்குமுன்னும் கணக்குப் போடுங்கள்.

9. பாட்டில்கள், முன்பணம், ஊருக்குப் போகும் பெட்டி

சாதாரண பீர் பாட்டிலுக்கு 8 சென்ட் முன்பணம், கம்பி மூடி பாட்டிலுக்கு 15, டின்னுக்கு 25. இருபது பாட்டில் பெட்டி வாங்கினால் பெட்டிக்கு 1.50 யூரோவும் சேர்த்து 3.10 யூரோ திரும்ப வர வேண்டிய பணம். கடை இயந்திரத்தில் போட்டுச் சீட்டு வாங்குங்கள். ஒயின் பாட்டிலுக்குப் பொதுவாக முன்பணம் கிடையாது. நிறம் பிரித்துத் தெருமுனைத் தொட்டியில் போட வேண்டும். ஞாயிற்றுக்கிழமையும் இரவிலும் போடக் கூடாது, கண்ணாடி உடையும் சத்தத்துக்கு அக்கம்பக்கத்தார் புகார் செய்வார்கள்.

இந்தியாவுக்கு எடுத்துப் போக, பயணி ஒருவருக்குத் தீர்வையின்றி 2 லிட்டர் மது அனுமதி. பீரும் இந்தக் கணக்கில்தான். கூடுதலாக இருந்தால் விமான நிலையச் சுங்கத்தின் சிவப்புத் தடத்தில் அறிவித்து வரி கட்ட வேண்டும்; அந்த வரியில் ஒயின் இங்கே வாங்கிய விலையைத் தாண்டிவிடும். கைப்பையில் வைக்க முடியாது, பெரிய பெட்டியில்தான். ஃபெடர்வைசரை எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள்.

நான் போன முறை கொண்டுபோனது: முக்கால் லிட்டர் சில்வானர் பொக்ஸ்பொய்டல் ஒன்று, அதே அளவு டொமினா ஒன்று, அரை லிட்டர் ஷ்லெங்கர்லா மேர்ட்சன் ஒன்று. கூட்டினால் சரியாக 2 லிட்டர். தட்டையான பாட்டிலை இரண்டு துண்டுகளுக்கு நடுவே வைத்தால் உருளாது. பீர் பாட்டிலை ஒரு தடித்த காலுறைக்குள் நுழைத்து, அதை ஷூவுக்குள் வைத்து, பெட்டியின் நடுவில் செருகினேன். மதுரையில் அண்ணன் அந்த மேர்ட்சனை முகர்ந்து பார்த்தார். நான் எதுவும் சொல்லவில்லை. "யார் வீட்டில் கத்தரிக்காய் சுடுகிறார்கள்?" என்று கேட்டார். நோட்டை எடுத்துத் தேதி போட்டு அதை எழுதிக்கொண்டேன்.